முத்திரை இல்லாத சேதி

பூட்டை எடுக்க மாட்டேன் என்று லுலித் அன்று காலையிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொன்னாள். மேலாளர் தக்னச்சோ மூன்றாவது தடவையாக அது காதில் விழாதவர் மாதிரி நின்றார். அது அவருக்குக் கைவந்த கலை. அடிஸ் அபாபாவில் இருபது வருஷம் பேருந்துக் கம்பெனியில் மேலாளராக இருந்த மனிதருக்கு, வேண்டாத வார்த்தையைக் காதுக்கு வெளியிலேயே நிறுத்தி வைக்கத் தெரியாதா என்ன?

"வெளிய வந்து பாரும்மா," என்றார். "டெஸ்ஸி போறவங்க, கோண்டர் போறவங்க எல்லாரும் பணம் கட்டிட்டு நிக்கிறாங்க. போன்ல பணம் போயிடுச்சு, டிக்கெட் வரல. நான் என்ன பதில் சொல்லட்டும்? எங்க கம்ப்யூட்டர் பிள்ளைக்குப் பிடிவாதம்னு சொல்லட்டுமா?"

அவள் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. நடுவில் இருந்தது பலகைச் சுவர். ஆறு ஜன்னலிலும் மக்கள் கத்துவது அவள் மேஜைக்கு அப்படியே கேட்டது. புத்தாண்டுக்கு இன்னும் இரண்டே நாள். எங்கள் வருஷத்தின் கடைசியில் வருகிற, ஐந்தே நாள் கொண்ட பாகுமே மாதத்தின் நான்காம் நாள் அது. அந்த ஐந்து நாளும் ஊரில் யாருக்கும் வேலை ஓடாது. மூட்டை கட்டுவார்கள், ஆடு வாங்குவார்கள், அப்புறம் மொத்தப் பேரும் ஒரே சமயத்தில் பஸ் டிக்கெட்டுக்கு வந்து நிற்பார்கள்.

ஷெவாயே பஸ் கம்பெனியில் டிக்கெட் வாங்குவது எளிய காரியம். பயணி தன் போனிலிருந்தே பணம் கட்டுவார். பணத்தைக் கைமாற்றுகிற நிறுவனத்தின் கணினி, இன்னார் இன்ன இருக்கைக்குப் பணம் கட்டிவிட்டார் என்று பஸ் கம்பெனியின் சர்வருக்கு ஒரு சேதி அனுப்பும். சேதி வந்த உடனே ஜன்னலில் டிக்கெட் அச்சாகி விழும். கணினிக்காரர்கள் இதை வெப்ஹூக் என்பார்கள். பணம் வந்ததா வந்ததா என்று நாம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், சேதி தானாக வந்து கதவைத் தட்டும். தட்டுகிறவன் யார் என்று பார்த்துத் திறக்கத்தான் லுலித் ஒரு பூட்டுப் போட்டிருந்தாள்.

அந்தப் பூட்டு இரண்டு விஷயம் பார்க்கும். ஒன்று, முத்திரை. இரண்டு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியை வைத்து, ஒவ்வொரு சேதிக்கும் அந்த நிறுவனம் ஒரு முத்திரை குத்தி அனுப்பும். சேதியில் ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. இரண்டாவது, நேரம். ஒரு சேதி கிளம்பிய நேரத்துக்கும் சர்வரின் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடும். இல்லாவிட்டால் எவனாவது நேற்றைய உண்மையான சேதி ஒன்றைத் திருடி வைத்துக்கொண்டு, இன்றைக்கு அதையே திரும்பத் திரும்ப அனுப்பி டிக்கெட் அடித்துக்கொண்டே இருப்பான்.

அன்று காலையிலிருந்து பூட்டு எல்லாச் சேதியையும் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

"மூணே நாள்," என்றார் தக்னச்சோ. "புத்தாண்டு முடியட்டும். அப்புறம் ஒண்ணுக்கு ரெண்டா பூட்டு போட்டுக்கோ. இப்ப எடுத்துடு."

"ஐயா, வட்ட முத்திரை இல்லாம ஒரு கடுதாசி வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"பதில் சொல்லுங்க."

முத்திரை இல்லை என்பதற்காகப் போன வாரம் ஒரு பாவப்பட்ட பள்ளிக்கூட ஆசிரியரை அவர் மூன்று தடவை அலைய விட்டதை அலுவலகமே பார்த்தது. எங்கள் நாட்டில் ஒருவன் செத்துப்போனதைக்கூட முத்திரை இருந்தால்தான் நம்புவோம். ஆனால் கணினி என்று வந்துவிட்டால் மட்டும் கதவை விரியத் திறந்து போட்டுவிட வேண்டும்.

லுலித்தின் பிடிவாதத்துக்கு ஒரு கதை உண்டு. அந்த அலுவலகத்தில் அது அவளுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

ஃபாசிகா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தின வாரம் அவள் முதன்முதலாக இந்த வெப்ஹூக்கை எழுதி ஓடவிட்டபோது பூட்டே கிடையாது. எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். பூட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அவளும் நினைத்தாள். சேதி வருகிற முகவரி எப்படியோ வெளியே போய்விட்டது. எவனோ உட்கார்ந்துகொண்டு பணம் கட்டியாச்சு, பணம் கட்டியாச்சு என்று பொய்ச் சேதியாக அனுப்பினான். சர்வர் சமர்த்தாக டிக்கெட்டை அடித்துத் தள்ளியது. டெஸ்ஸி பஸ்ஸில் நாற்பத்தைந்து இருக்கை, ஏற வந்தவர்கள் எழுபத்தொரு பேர். அத்தனை பேர் கையிலும் கம்பெனியின் அசல் டிக்கெட். கைகலப்பில் ஒருவருக்குப் பல் போனது. ஒரு பிள்ளைத்தாய்ச்சி ராத்திரி முழுக்க நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த டிக்கெட்டெல்லாம் விழுந்தது நான்காம் ஜன்னலில். அங்கே உட்கார்ந்திருந்தவள் திர்சித். வெளியாளோடு கூட்டுச் சேர்ந்தாள் என்று எழுதி, வட்ட முத்திரை குத்தி, அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு திர்சித் அழவில்லை. "நான் என்ன பண்ணேன்னு யாராவது சொல்லுங்களேன்," என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். லுலித்தின் முகத்தையும் பார்த்தாள். லுலித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று பேசாமல் இருந்ததுதான் அவள் தொண்டையில் இன்னும் நின்றது. பூட்டைப் போட்டது அதற்கு அடுத்த வாரம். இனி தன் கதவு வழியாக ஒரு பொய் நுழைந்து, அதற்காக இன்னொருத்தர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அப்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆகவே தக்னச்சோ என்ன, அரசாங்கமே வந்து கேட்டாலும் எடுப்பதாக இல்லை.

"நீ எடுக்கலன்னா என் தங்கச்சி மகன் இருக்கான். படிச்சவன். வந்து எடுப்பான்," என்றார் அவர்.

"வரட்டும். சர்வர் பாஸ்வேர்டு உறையில போட்டு ஒட்டி எத்தியே ஷெவாயே பெட்டகத்துல இருக்கு. பூட்டை எடுக்கச் சொல்லி அவங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. முத்திரையோட. நாளைக்கு டெஸ்ஸி பஸ்ல எழுபது பேர் ஏற வந்தா அந்தக் கடிதத்தை ஜன்னல்ல ஒட்டுறேன்."

எத்தியே என்று மரியாதையாகச் சொன்னது கம்பெனி முதலாளியம்மாவை. ஒரே ஒரு பழைய பஸ்ஸில் ஆரம்பித்து நாற்பது பஸ் வரை கொண்டுவந்தவர் ஷெவாயே. ஓட்டுநர்கள் ஒருவருக்கும் பயப்பட மாட்டார்கள், அவர் கைத்தடிச் சத்தத்துக்கு மட்டும் பயப்படுவார்கள். தக்னச்சோ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரைக் கூப்பிடப் போகிறார் என்று லுலித்துக்குத் தெரியும். இருந்தாலும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் வெளியே நிற்பவர்களைக் கவனிக்க வேண்டும். பூட்டு எடுக்காமலேயே அதற்கு ஒரு வழி இருந்தது. சேதி வரவில்லை என்றால் நாமே அந்த நிறுவனத்தின் கணினியைப் போய்க் கேட்கலாம்: இந்த எண்ணுள்ள பணம் வந்ததா? உண்டு, இல்லை என்று அது சொல்லும். ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும் என்பதுதான் சங்கடம். லுலித் ஆறு ஜன்னல்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினாள். பயணியின் போனில் உள்ள எண்ணை அவர்கள் வாசிக்க, அவள் கேட்டுச் சொல்ல, டிக்கெட் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. ஒட்டகத்துக்கு ஊசியால் தண்ணீர் ஊட்டுகிற வேகம்தான். என்றாலும் கிளம்பியது. ஜன்னலில் கத்தல் கொஞ்சம் முணுமுணுப்பாக இறங்கியது.

பிறகு அந்த நிறுவனத்துக்கே போன் போட்டாள். நீண்ட நேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். எங்கள் பக்கம் எல்லாம் சரி, சாவியை மாற்றவில்லை, மற்ற கம்பெனிகள் ஒன்றும் புகார் செய்யவில்லை என்று தேன் ஒழுகப் பேசிவிட்டு வைத்தாள். அப்படியானால் கோளாறு இந்தப் பக்கம்தான். ஆனால் எங்கே?

அதைப் பூட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. அது வாய் பேசாத பூட்டு. ஏற்கவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லும். ஏன் ஏற்கவில்லை என்று சொன்னால் வெளியே நிற்கிற திருடனுக்கு அது பாடம் எடுத்த மாதிரி ஆகும் என்று லுலித்தான் அப்படி எழுதியிருந்தாள். அப்போது அதை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையை யாராவது பாதி விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடலாம் போல் இருந்தது.

ஒரு கை ஜன்னல்காரர்களுக்குப் பதில் சொல்ல, மறு கை நிரலைத் திறந்தது. எதற்காக ஒதுக்கினாய் என்று எனக்கு மட்டும் சொல் என்று நாலு வரி சேர்த்தாள். நிதானமாக எழுதினால் கால் மணி நேர வேலை. இடையிடையே எண் வாசிக்கும் குரலும், "அக்கா, கோண்டர் ஒண்ணு," என்ற கத்தலுமாக ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

நடுவில் காவலாளி திலாயே ஒரு தம்ளர் தேநீரும் காகிதத்தில் கொஞ்சம் வறுத்த பார்லியும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அறுபது வயசு, பழைய பட்டாளத்துக்காரர். கோட்டின் பொத்தான் அத்தனையும் போட்டிருப்பார். காஷே திலாயே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், வயசுக்குக் கொடுக்கிற மரியாதை.

"மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லையே மகளே?" என்று கேட்டார். "நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்."

அதிகாலையில் மின்சாரம் போய்விட்டு, விடிந்த பிறகுதான் வந்தது. அப்படிப் போய் வந்தால் சர்வரை யாராவது கையால் கிளப்ப வேண்டும். எப்போதும் லுலித்தே ஓடி வந்து கிளப்புவாள். இன்றைக்கு மழையில் சாலை அடைத்துக்கொண்டு, அவள் ஏறிய வேன் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. போனில் சொல்லி, முதல் தடவையாகத் திலாயேவைக் கிளப்ப வைத்தாள். சுவரில் அவள் ஒட்டிய தாளைப் பார்த்து அவர் ஒவ்வொரு படியாகச் செய்தார். செய்து முடித்து, எல்லாம் ஓடுகிறது என்று போனில் சொன்னபோது அவர் குரலில் பட்டாளத்து மிடுக்கு வந்துவிட்டது.

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க காஷே," என்றாள் லுலித், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலு வரியைச் சேர்த்து ஓட விட்டதும் பூட்டு வாயைத் திறந்தது. ஒதுக்கிய சேதிகள் இரண்டு குவியலாகப் பிரிந்து விழுந்தன. பெரிய குவியலில் நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனைக்கும் முத்திரை சரி, நேரம் தவறு. சின்னக் குவியலில் இருபத்தொன்பது. அதில் முத்திரையே போலி.

லுலித் அந்த இருபத்தொன்பதைத்தான் முதலில் பார்த்தாள். எல்லாமே டெஸ்ஸி பஸ். ஃபாசிகாவில் வந்தவனேதான். பண்டிகைக்குப் பண்டிகை வந்து கதவை அசைத்துப் பார்க்கிறான். தக்னச்சோ சொன்ன நேரத்தில் பூட்டை எடுத்திருந்தால் இந்நேரம் இருபத்தொன்பது பேர் அசல் டிக்கெட்டோடு வெளியே போயிருப்பார்கள். "நாயே, இந்தத் தடவை கிடையாது," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு பெரிய குவியல். எவ்வளவு நேரம் தவறு? முதல் சேதியில் இருபத்தோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம் விநாடி. அடுத்ததிலும் அதேதான். எல்லாவற்றிலும் அதேதான். மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஆறு மணி நேரம். அதற்கு ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

மூன்று மணி நேரம் என்றால் கணினிக்காரர்களுக்குப் புரியும். உலகப் பொதுநேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், யாராவது ஒருவர் தினமும் அதில் தடுக்கி விழுவார். ஆறு மணி நேரம் தடுக்கி விழ இந்த உலகத்தில் ஒரே ஒரு நாட்டுக்காரர்களால்தான் முடியும்.

அவள் எழுந்து சர்வர் அறைக்கு ஓடினாள். சர்வரின் கடிகாரம் நடுப்பகலில் விடிகாலை என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த திலாயே பதறி எழுந்தார்.

"காஷே, காலைல மெஷின் மணி கேட்டுச்சே, நீங்க என்ன அடிச்சீங்க?"

"ஒண்ணு பத்து," என்றார் அவர். கையைத் திருப்பித் தன் கடிகாரத்தையும் காட்டினார். "இதைப் பார்த்துத்தான் அடிச்சேன். சரியான மணிதான் மகளே. ரேடியோவோட தினம் சரி பார்ப்பேன்."

சரியான மணிதான். எங்களுக்கு நாள் பிறப்பது விடியலில். மற்றவர்கள் ஏழு என்பதை நாங்கள் ஒன்று என்போம், அவர்களுடைய நடுப்பகல் பன்னிரண்டு எங்களுக்கு ஆறு. கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், சந்தை, கோயில் மணி எல்லாம் இந்தக் கணக்கில்தான். வெளிநாட்டானோடு பேசும்போதும் கணினியில் உட்காரும்போதும் மட்டும் ஆறைக் கூட்டிக்கொள்வோம். லுலித்துக்கு அது கைப்பழக்கம், யோசிக்காமல் கூட்டுவாள். திலாயேவுக்கு எதற்கு அந்தப் பழக்கம்? ஏழு பத்துக்கு அவர் ஒன்று பத்து என்று அடித்தார். சர்வர் அதை நடுநிசி தாண்டிய ஒன்று பத்து என்று எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு சேதியும் அதற்கு ஆறு மணி நேரம் கழித்து வரவேண்டிய சேதியாகத் தெரிந்தது.

லுலித் சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பு வந்தது, கூடவே குற்ற உணர்வும் வந்தது. கிளம்பும்போது மணி கேட்கிற அந்தத் திரையை எழுதியது அவள்தான். திலாயே மாதிரி ஆட்களுக்குப் புரியட்டும் என்று எங்கள் அம்ஹாரிக் மொழியில் எழுதினாள்: இப்போது மணி என்ன? அம்ஹாரிக்கில் கேட்டால் அம்ஹாரிக்கில்தானே மணி சொல்வார்கள். அதுவும் போகட்டும், சர்வர் ஏன் மனிதர்களிடம் மணி கேட்க வேண்டும்? ஊரில் உள்ள சர்வரெல்லாம் இணையத்தில் தானே பார்த்துத் திருத்திக்கொள்கின்றன. ஃபாசிகா பயத்தில் அவள் சர்வரின் வெளிவழிகளை எல்லாம் அடைத்தபோது, மணி வருகிற வழியையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தாள்.

கடிகாரத்தை ஆறு மணி நேரம் முன்னால் தள்ளினாள். ஏற்காமல் திருப்பிய சேதிகளை அந்த நிறுவனம் புதிய நேரமும் புதிய முத்திரையும் போட்டு மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். சில நிமிடத்தில் ஆறு ஜன்னலிலும் அச்சுப்பொறி ஒரே சமயத்தில் கடகடவென்று ஓடத் தொடங்கியது. வெளியே யாரோ ஒரு பெண் வாயில் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள், மற்றவர்கள் சிரித்தார்கள்.

திலாயே சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கடிகாரக் கையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

இதற்குள் முதலாளியம்மா வந்துவிட்டார். தக்னச்சோ வாசலிலேயே அவரைப் பிடித்து, யார் கிளப்பியது, யார் மணியைப் பதிந்தது என்பதை எல்லாம் ஜன்னல்காரர்களிடம் கேட்டுத் தெரிந்த வரைக்கும் சொல்லியிருந்தார். லுலித்தை உள்ளே கூப்பிட்டபோது மேஜைமேல் ஒரு கடிதம் தயாராக இருந்தது. வட்ட முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. காவலாளி திலாயே தவறான நேரத்தைப் பதிந்து கம்பெனிக்குக் கெட்ட பெயர் உண்டாக்கியதால் இன்றோடு விலக்கப்படுகிறார். திலாயே ஓரமாக விறைப்பாக நின்றார், அணிவகுப்பில் நிற்கிற மாதிரி.

ஷெவாயே பேனாவைத் திறந்தார்.

"எத்தியே, இப்ப மணி என்ன?" என்று கேட்டாள் லுலித்.

தக்னச்சோவுக்கு முகம் சிவந்தது. முதலாளியம்மா கேள்வியின் துடுக்கை விட்டுவிட்டு, பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஆறரை."

"காஷே, உங்க கடிகாரத்துல?"

"ஆறரைதான்," என்றார் திலாயே, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"அப்ப இந்தக் கடிதத்துல தவறான நேரம்னு எழுதியிருக்கிறது பொய். அவர் சரியான நேரத்தைத்தான் சொன்னார். இந்த ஊர்ல மணி என்னன்னு கேட்டா ரெண்டு சரியான பதில் இருக்கு. எது வேணும்னு சொல்லாம கேட்டது நான். மெஷினை மனுஷங்ககிட்ட மணி கேக்க விட்டதும் நான்தான். கடிதம் எழுதணும்னா என் பேருக்கு எழுதுங்க."

வெளியே அச்சுப்பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தக்னச்சோ தொண்டையைச் செருமி, காலையிலிருந்து தானும் அதைத்தான் சொன்னதாகவும், பூட்டை அப்போதே எடுத்திருந்தால் இவ்வளவு கூட்டம் கூடியிருக்காது என்றும் ஆரம்பித்தார். லுலித் கையிலிருந்த தாளை அவர் முன்னால் வைத்தாள். இருபத்தொன்பது போலி முத்திரை, ஒவ்வொன்றும் வந்த நேரத்தோடு.

"பூட்டு சரி. தப்பு கடிகாரத்துல. பூட்டுக்காக நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

ஷெவாயே அந்தத் தாளை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். டெஸ்ஸி, டெஸ்ஸி, டெஸ்ஸி. நாற்பது பஸ் வாங்கிய தலைக்கு இது போதும். தாளைக் கீழே வைத்துவிட்டு லுலித்தைப் பார்த்தார்.

"ஃபாசிகா சமயத்துல இந்தப் பூட்டு இருந்துச்சா?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

"நான் போடல."

"அப்ப அந்த எழுபத்தொரு பேரு?"

"என் கதவு வழியாத்தான் வந்தாங்க."

"அந்த நாலாம் ஜன்னல் பொண்ணு?"

"அவ ஒண்ணும் பண்ணல. அவ ஜன்னல்ல டிக்கெட் விழுந்துச்சு, அவ்வளவுதான்."

"அன்னைக்கு நீ இதே அறையில, இதே இடத்துலதான் நின்ன. ஏன் வாயைத் திறக்கல?"

"பயம்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் பயம்தான்," என்றாள் லுலித். குரல் உடைந்தது. அதைச் சரிசெய்துகொள்ள அவள் நிற்கவில்லை. "எனக்கு வேலை வேணும் எத்தியே. வீட்டு வாடகை நான்தான் கட்டுறேன். அதுக்காக இன்னொரு ஆளு வெளிய போறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது. ஒரு தடவை நின்னுட்டேன், போதும்."

முதலாளியம்மா கடிதத்தை இழுத்தார். திலாயேவின் பெயர்மேல் நிதானமாக ஒரு கோடு போட்டார். அதற்குமேல் லுலித்தின் பெயரை எழுதினார், அப்பா பெயரையும் சேர்த்து, ஒரு எழுத்தும் பிசகாமல். பிறகு கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

"காஷே, நீங்க போய் வாசல்ல இருங்க," என்றார். திலாயே லுலித்தைப் பார்த்து நெஞ்சுவரை தலை குனிந்துவிட்டுப் போனார். ஷெவாயே கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "புத்தாண்டு முடிஞ்சு முதல் வேலை நாள், இங்க வந்து நில்லு. கையெழுத்துப் போடுறதா கிழிக்கிறதான்னு அன்னைக்குச் சொல்றேன்."

"வரேன்," என்றாள் லுலித். "தனியா வர மாட்டேன். திர்சித்தையும் கூட்டிட்டு வருவேன். என்னை என்ன வேணா செஞ்சுக்குங்க. அவ கடிதத்தை அவ கண்ணு முன்னால கிழிச்சுப் போட்டுட்டுச் செய்யுங்க."

தக்னச்சோ அதிர்ந்துபோய் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா லுலித்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லுலித் யார் சொல்லுக்கும் காத்திராமல் தன் மேஜைக்குத் திரும்பினாள்.

மதியத்துக்கு மேல் பஹிர் டார் போகிற பஸ்களுக்கு எழுபத்திரண்டு சேதி வந்தது. எழுபதுக்கு முத்திரை சரி. இரண்டைப் பூட்டு வெளியே தள்ளியது. அவள் போனை எடுத்து, ஐந்து மாதமாகக் கூப்பிடத் துணியாத ஒரு எண்ணைத் தேடி அழுத்தினாள்.